பச்சை ஆறும் நாட்கள்

கரையாம்புத்தூர் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஊர். வரைபடத்தில் தேடினால், தமிழகக் கிராமங்களுக்கு நடுவே புதுச்சேரியின் ஒரு துண்டு தனித்துக் கிடப்பதுபோல் தெரியும். நகரத்துக்குப் போகும் பேருந்து தமிழக ஊர்களையும் புதுச்சேரி ஊர்களையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டுதான் போய்ச் சேரும். டாட்டூ போட்டுக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் அந்தப் பேருந்தில்தான் போகிறார்கள், அல்லது நண்பனின் பைக்கில். திரும்பும்போது முன்னங்கையில் சமையலறைப் பிளாஸ்டிக் உறை சுற்றியிருக்கிறது. உறைக்குள் கறுப்பும் லேசான சிவப்புமாக நீர் கோத்திருக்கிறது. கடைக்காரர் சொல்லி அனுப்பியது ஒன்றிரண்டு வரி: ரெண்டு மூணு மணி நேரத்தில் பிரிச்சுடுங்க, சோப்புப் போட்டுக் கழுவுங்க, கிரீம் தடவுங்க. குளிரூட்டிய அறையில் சொன்ன அந்த வரி, வைகாசி வெயிலில் ஜன்னலோர இருக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்ய வேண்டும்.

உடம்பில் வரையும் வேலை ஊசியை எடுத்ததும் முடிந்துவிடுவதில்லை. மேல்தோல் மூடிக்கொள்ள இரண்டு மூன்று வாரம் ஆகும். அடித்தோல் முழுதாகத் தேற மாதக் கணக்கில் ஆகும். அந்த நாட்களில் புண்ணின் மேல் எதை வைப்பது, எதை வைக்காமல் விடுவது என்பதுதான் படம் நிற்குமா, கறை படியுமா, சீழ் வைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆனால் புழக்கத்தில் உள்ள அறிவுரைகளெல்லாம் வேறு தட்பவெப்பத்துக்கும் வேறு வேலைக்கும் எழுதப்பட்டவை. நெல்லும் கரும்பும் விளையும் ஊரில், வியர்வை காயாத உடம்பில், சேற்றில் இறங்க வேண்டிய காலில் ஒரு பச்சை எப்படி ஆறும் என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. யோசிக்க வேண்டிய விஷயம் அது.

ஊசி இறங்குவது ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழம். மை தங்குவது மேல்தோலில் அல்ல, அதற்குக் கீழே இருக்கும் அடித்தோலில். அங்கே அது எப்படி ஆயுள் முழுக்க நிற்கிறது என்பதை 2018இல் பிரான்சின் மார்செய் நகர நோயெதிர்ப்பியல் ஆய்வாளர்கள் எலிகளின் வாலில் பச்சை குத்திக் காட்டினார்கள். அந்நியப் பொருளை விழுங்கும் வேலையைச் செய்யும் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் மைத்துகளை விழுங்கிவைத்துக்கொள்கின்றன. அவை சாகும்போது துகள் வெளியே விழுகிறது. புதிதாக வரும் செல் அதையே எடுத்து விழுங்கிக்கொள்கிறது. இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் ஒரு பெயரோ மயிலோ ஐம்பது வருடம் தோலில் இருக்கிறது. ஆகவே நன்றாகக் குத்திய படத்தில், கழுவினால் மை போய்விடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. முதல் நாள் கழுவும்போது கறுப்பாக ஓடுவது மேலே தங்கிய உபரி மை. பயப்பட வேண்டியது, மேலே திறந்து கிடக்கும் ஆயிரக்கணக்கான நுண்துளைகளைப் பற்றி.

பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து ஊர்களில் எழுபது வயது தாண்டிய பெண்களின் முன்னங்கையை இன்றும் பார்க்கலாம். கோலப் புள்ளிகள், தேள், சில கைகளில் அண்ணன் தம்பி பெயர். காலத்தில் கரைந்து ஓரம் மங்கிப் பச்சையாகத் தெரியும் கோடுகள். குத்தியவர்கள் ஊர் ஊராக வந்த குறவர் பெண்கள். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுடைய செய்முறையைக் குறித்துவைத்திருக்கிறார். மஞ்சளையும் அகத்திக் கீரையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே புதுப் பானையைக் கவிழ்த்து, அதில் படியும் கரியைச் சுரண்டி எடுப்பார்கள். தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ அதைக் குழைத்துக்கொள்வார்கள். நான்கைந்து தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவார்கள். குத்திய இடத்தைத் தண்ணீரால் கழுவி, வீக்கம் வராமலிருக்க மஞ்சள் கலந்த எண்ணெய் பூசுவார்கள். கட்டு எதுவும் கிடையாது. எண்ணெயும் மஞ்சளும்தான் உறை.

இந்த முறையைக் கும்பிட்டு ஏற்றுக்கொள்வதும் தப்பு, அறியாமை என்று ஒதுக்குவதும் தப்பு. புதுப் பானையில் நெருப்பிலிருந்து நேரே படிந்த கரி, அந்தக் காலத்தில் கிடைத்த பொருள்களில் சுத்தமானது. எண்ணெய் புண்ணைக் காய்ந்து வெடிக்காமல் வைத்திருந்தது. படமும் சிறியது, ஒரு கை நீளத்தை ஒரே நாளில் நிரப்பும் இன்றைய ஆசை அன்று இல்லை. ஆனால் ஒரே ஊசிக் கட்டு ஒரு வீட்டுப் பெண்ணிடமிருந்து அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் போனது. மஞ்சள் காமாலை எனப் பொதுவாகச் சொல்லப்பட்ட ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள் அப்படிப் பரவக்கூடியவை. தாய்ப்பாலும் தண்ணீரும் கிருமி நீக்கப்பட்டவை அல்ல. மையில் சேரும் தண்ணீர் விஷயத்தை இன்றைய கடைக்காரர்களும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2011 கடைசியில் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் ஒரே கடையில் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்கு மாதக் கணக்கில் ஆறாத தடிப்பு வந்தது. காரணம் காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று. அது சாம்பல் நிற மைக்குள்ளேயே இருந்தது. அங்கே கழுவியதிலும் கட்டியதிலும் பிழை தேடிப் பயனில்லை.

கட்சிக்காகக் கை நீட்டியவர்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. 1972இல் அ.தி.மு.க. தொடங்கிய பின், தொண்டர்கள் கட்சி அடையாளத்தைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று எம்.ஜி.ஆர். சொன்னார். கட்சிக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு வந்தது. தமிழ்நாட்டில் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்பே, 1974இல், எஸ். ராமசாமி தலைமையில் அந்தக் கட்சி முதன்முதலாக ஆட்சி அமைத்தது புதுச்சேரியில்தான். மூன்று வாரம் நின்ற ஆட்சி. அன்று குத்திக்கொண்ட பச்சை இன்றும் முதியவர்களின் கையில் இருக்கிறது. மஞ்சளும் எண்ணெயும் தடவி ஆறிய பச்சைகள் அவை.

மஞ்சளைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கான காப்புரிமை கொடுக்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம், மஷேல்கர் தலைமையில் இருந்தபோது, பழைய நூல்களையும் கட்டுரைகளையும் சான்றாக வைத்து வழக்காடியது. 1997இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. நியாயமான வெற்றி. ஆனால் அந்த வழக்கில் நிரூபணமானது மஞ்சளை நாம் நெடுங்காலமாகப் புண்ணுக்குப் பயன்படுத்தி வருகிறோம் என்பது மட்டுமே. மளிகைக் கடைப் பாக்கெட்டில் வரும் சமையல் மஞ்சள்தூளைப் பிளந்த தோலில் போடலாம் என்பதற்கு அது சான்று ஆகாது. தூளில் மண்ணிலிருந்து வரும் கிருமி வித்துக்கள் இருக்கலாம். நிறத்துக்காக ஈய குரோமேட் கலக்கும் கலப்படம் தெற்காசியாவில் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. மஞ்சளே சிலர் தோலுக்கு ஒவ்வாது. விரலி மஞ்சளை உரசிப் பூசிய பாட்டியின் கையும், இன்றைய பாக்கெட் தூளும் ஒன்றல்ல. ஆறிய பிறகு எதையும் பூசிக்கொள்ளலாம். திறந்திருக்கும் நாட்களில் அடுப்படிப் பொருளை அடுப்படியிலேயே விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது, புண்ணை மூடுவதா, காற்றாட விடுவதா என்ற பழைய வழக்கு. காயத்தைக் காய விட்டுப் பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்று மருத்துவர்களும் நெடுநாள் நம்பினார்கள். 1962இல், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த அதே ஆண்டில், ஜார்ஜ் வின்டர் என்ற ஆங்கில ஆய்வாளர் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றில் விட்டார், சிலவற்றை மெல்லிய படலத்தால் மூடி ஈரமாக வைத்தார். மூடியவற்றில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. பொருக்கு இருந்தால் புதுச்செல்கள் அதன் அடியில் ஈரம் தேடிக் குடைந்து போக வேண்டியிருக்கிறது. ஈரப் பரப்பு இருந்தால் நேரே நகர்ந்துவிடுகின்றன. பச்சைக்கு இது இன்னும் பொருந்தும். கெட்டியான பொருக்கு பிய்ந்து வரும்போது அடியிலிருக்கும் மையையும் பிடுங்கிக்கொண்டு வரும். படத்தின் நடுவே வெள்ளையாக ஓட்டை விழுவது பெரும்பாலும் அப்படித்தான்.

ஈரமாக மூடுவது என்றதும் அது மேற்கிலிருந்து வந்த யோசனை என்று நினைக்க வேண்டாம். அம்மை கண்டவரையும் தீப்பட்டவரையும் வாழையிலையில் படுக்கவைத்த ஊர் இது. இலையின் மெழுகுப் பரப்பு புண்ணில் ஒட்டாது, குளிர்ச்சியாக இருக்கும், எடுக்கும்போது வலிக்காது. மும்பையில் சயான் பகுதியில் உள்ள மாநகராட்சி மருத்துவக் கல்லூரியில் மாதுரி கோரே, அகோலேகர் இருவரும் தீக்காயத்துக்கு வாழையிலைக் கட்டைப் பரிசோதித்து 2003இல் வெளியிட்டார்கள். இலை மலிவு, வலி குறைவு, வேலை செய்கிறது என்று கண்டார்கள். அதற்கு முன் 1985இல் அதே மும்பையில் கெஸ்வானி அவித்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டாக்கிக் காட்டியிருந்தார். இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டுக் கொல்லையிலிருந்து இலையை அறுத்து வந்து கையில் கட்டக் கூடாது. அவர்கள் ஆவியழுத்தத்தில் கிருமி நீக்கிய இலையைத் துணியோடு சேர்த்துக் கட்டினார்கள், செய்தவர்கள் மருத்துவமனைக்காரர்கள். புண்ணில் ஒட்டாத, ஈரம் காக்கும், சுத்தமான உறை வேண்டும் என்ற அடிப்படை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. அந்த அடிப்படையில் பார்த்தால் பழைய வேட்டித் துணி தேறாது. நூல் புண்ணில் ஒட்டும், கசிவு காய்ந்ததும் தோலோடு பிய்யும்.

சமையலறைப் பிளாஸ்டிக் உறையும் பெரிதாகத் தேறாது. அது தண்ணீரையும் தூசியையும் தடுக்கும். வியர்வையையும் உள்ளே அடைத்துவைக்கும். வீடு போய்ச் சேரும்வரை சட்டையும் பேருந்துக் கம்பியும் உரசாமல் காப்பதற்கு அது போதும். அதே உறையை இரவு முழுக்க வைத்துத் தூங்குவதும், மறுநாள் கழுவித் திரும்பச் சுற்றுவதும் கிருமிக்குச் சோறு போடுவது போன்றது. இப்போது கடைகளில் இன்னொன்று வந்திருக்கிறது. பாலியூரித்தேன் என்ற பொருளாலான, ஒட்டும் மெல்லிய கண்ணாடிப் படலம். மருத்துவமனையில் கையில் ஏற்றிய ஊசிக் குழாயின் மேல் ஒட்டுகிறார்களே, டெகாடெர்ம் போன்றது, அதே இனம். இதன் சிறப்பு, நீராவியும் காற்றும் ஊடாடும், திரவமும் கிருமியும் ஊடாடா. முதல் படலத்தை ஒரு நாள் வைத்து, அடியில் கோத்த கறுத்த நீரோடு எடுத்துக் கழுவிக் காயவைத்து, புதிதாக ஒன்றை ஒட்டி நான்கைந்து நாள் விடலாம். உறைக்குள் மையும் ரத்தநீரும் கலந்து குட்டை போலத் தேங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஓரம் விட்டு ஒழுகினால் மட்டும் உடனே எடுத்துவிட வேண்டும். ஒழுகும் வழியே கிருமி உள்ளே வரும். எடுக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, மேல்நோக்கிப் பிய்க்காமல் தோலை ஒட்டிப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும்.

நல்ல பொருள்தான். ஆனாலும் சித்திரை, வைகாசியில் களத்துமேட்டில் நிற்பவருக்கு அதை அப்படியே பரிந்துரைக்க முடியாது. படலம் ஆவியை விடும் வேகத்துக்கு ஓர் அளவு இருக்கிறது. உச்சி வெயிலில் வேலை செய்யும் உடம்பு வியர்ப்பது அதற்கு மேல். முழங்கை மடிப்பு, கணுக்கால், முடியடர்ந்த மார்பு ஆகிய இடங்களில் ஓரம் ஒரே நாளில் கிளம்பிவிடும். பசைக்கு ஒவ்வாமை வந்து, படலத்தின் சதுர வடிவத்திலேயே தோல் தடித்து அரிப்பவர்களும் உண்டு. அவர்கள் எடுத்தே ஆக வேண்டும். ஆகவே இந்த மண்ணுக்குத் தோதான வழி இப்படி இருக்கலாம். நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை, மார்கழிக் குளிர், தட்டையான இடம் என்றால் படலம். வெயில் வேலை என்றால் முதல் நாளோடு உறையை விட்டுவிட்டு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை வாசனையில்லாத சோப்பால் கழுவி, ஒற்றி எடுத்து, மிக மெல்லிய பூச்சு, மேலே தளர்ந்த பருத்திச் சட்டை. வீட்டில் எல்லோரும் துடைக்கும் துண்டு மட்டும் வேண்டாம்.

பூச்சு என்றதும் பெரும்பாலோர் செய்யும் பிழை, அதிகமாகப் பூசுவது. தோல் மினுங்கினால் போதும், வழியக் கூடாது. வாசனையில்லாத சாதாரண வாசலினே போதுமானது. கவலைக்குரியது வேறு. மருந்துக்கடையில் யாரையும் கேட்காமல் வாங்கும் கிருமிக்கொல்லிக் களிம்புகளில் நியோமைசின் பலருக்கு ஒவ்வாமை தருவது. 2010ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்கள் அதை அறிவித்தார்கள். அதற்கு ஒவ்வாதவருக்கு அதன் உறவான ஃப்ராமைசெட்டினும் ஒவ்வாமல் போகலாம். இதைவிட மோசம், படைக்கும் அரிப்புக்கும் வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு. ஐந்தாம் நாளுக்கு மேல் தோல் உரியும்போது அரிப்பது இயல்பு. அதை அடக்க ஸ்டீராய்டைத் தடவினால் அரிப்பு நிற்கும், ஆறுவதும் மந்தப்படும், உள்ளே கிருமி இருந்தால் அது மறைந்துகொள்ளும்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று சொல்லும் குறிப்புகள் அநேகமாகச் சிவப்பைத்தான் அடையாளமாகச் சொல்கின்றன. வெள்ளைத் தோலுக்கு எழுதியது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. ஊதாவாகவோ, இன்னும் கருமையாகவோ தெரியும், தெரியாமலும் போகும். இங்கே பார்க்க வேண்டியவை தொட்டால் சூடு, மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும் வலி, கெட்டிப்பட்ட வீக்கம், நாற்றமுள்ள சீழ், அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டுவது, காய்ச்சல். கறுத்த தோலில் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பும் அதிகம். காது குத்திய இடத்திலோ அம்மைத் தழும்பிலோ தசை தடித்து வளர்ந்தவர்கள் பச்சை குத்திக்கொள்ளும் முன்பே யோசிக்க வேண்டும்.

சர்க்கரையையும் சொல்லியாக வேண்டும். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் நீரிழிவு மிகுந்த இடங்களில் கோவாவை ஒட்டி இரண்டாவதாக நின்றது புதுச்சேரி, 26.3 சதவீதம். வளர்ந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல். தனக்குச் சர்க்கரை இருப்பது தெரியாமலே முப்பது வயதில் காலில் பச்சை குத்திக்கொள்பவர் இதில் இருப்பார். ஊசியை எடுக்கும் முன் கடைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

பிறகு தண்ணீர். இந்தப் பக்கத்து வாழ்க்கையில் தண்ணீர் என்பது குழாயில் வருவது மட்டும் அல்ல. பம்பு செட்டுத் தொட்டி, பாகூர் ஏரி, தென்பெண்ணை, கொஞ்சம் கிழக்கே போனால் கடல். 2017இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு உலகெங்கும் பேசப்பட்டது. டெக்சாஸைச் சேர்ந்த 31 வயதுக்காரர் காலில் பச்சை குத்திக்கொண்டு ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தினார். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமி புண் வழியே ஏறியது. முன்பே கல்லீரல் கெட்டிருந்த அவர் மருத்துவமனையிலேயே இறந்துபோனார். இது அரிதான சம்பவம்தான். ஆனால் நம் கடலும் வெதுவெதுப்பானது, நம் ஊரில் குடியால் கல்லீரல் கெட்ட இளைஞர்களும் குறைவில்லை. பொங்கலுக்குப் புதுச்சட்டையோடு புதுப் பச்சையும் வேண்டும் என்று தை பிறப்பதற்கு முந்தின வாரம் குத்திக்கொள்பவர், தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு சோரியாங்குப்பம் போகிறார். சாமிகளோடு ஊரே தென்பெண்ணையில் இறங்குகிறது. கரையில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பு என்று அந்த வயதுப் பையனிடம் சொன்னால் கேட்பானா? முன்கூட்டியே குத்திக்கொள் என்று சொல்லலாம். மார்கழி முதல் வாரத்தில் குத்தினால் ஆற்றுத் திருவிழாவுக்குள் ஒரு மாதம் ஆகியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை திறந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தண்ணீரில் நடக்காமல் யாரால் இருக்க முடிந்தது?

இங்கே வந்து நிற்கிறது உண்மையான சிக்கல். எந்தக் களிம்பையும் படலத்தையும் விட இந்தப் புண்ணுக்கு வேண்டியது பத்து நாள் ஓய்வு. மாதச் சம்பளக்காரர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து அதை எடுத்துக்கொள்வார். நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவருக்கு அது பத்து நாள் கூலி. கெண்டைக்காலில் குத்திக்கொண்டு மூன்றாம் நாள் சேற்றில் இறங்குபவரை அலட்சியக்காரர் என்று திட்டுவது எளிது. கடைக்காரர் அவரிடம் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருந்தால், படத்தைத் தோளுக்கோ மேல்கைக்கோ மாற்றியிருக்கலாம். அறுப்பு முடிந்த பிறகு வரச் சொல்லியிருக்கலாம். பெரிய படத்தை இரண்டு தவணையாகப் பிரித்திருக்கலாம். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டதென்று கேட்டு, அரசு சுகாதார நிலையத்துக்கு அனுப்பியிருக்கலாம்.

டாட்டூ கடைகளுக்கென்று நாடு முழுமைக்கும் தனிச் சட்டம் இல்லாத நிலையில், இதெல்லாம் கடைக்காரரின் நல்ல மனதை நம்பித்தான் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தியது. மறுவருடம் நீலத்திலும் பச்சையிலும் பரவலாகப் புழங்கிய இரண்டு நிறமிகளையும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இங்கே மைப் புட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் பழக்கமே இன்னும் வரவில்லை. சட்டம் வரும்வரை செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்று உண்டு. கடையிலிருந்து புறப்படும்போது கையில் ஒரு தாள், தமிழில். உறையை எத்தனை மணிக்கு எடுப்பது, எதால் கழுவுவது, எந்த நாள்வரை ஏரியிலும் ஆற்றிலும் இறங்காமலிருப்பது, எந்த அறிகுறி கண்டால் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் மருத்துவக் கல்லூரிகளுக்கோ ஜிப்மருக்கோ போவது, அடுத்த பன்னிரண்டு மாதம் ரத்தம் கொடுக்கக் கூடாது என்ற விதி. கீழே தேதியும், குத்தியவரின் தொலைபேசி எண்ணும்.